ஏரிக்கு ஒரு படகு, ஆற்றுக்கு ஒரு படகு: நன்னீரில் மீன் பிடிக்க எதைத் தேர்ந்தெடுப்பது?

மேட்டுப்பாளையம் என்றதும் பலருக்கு ஊட்டி மலை ரயில்தான் நினைவுக்கு வரும். புதுச்சேரிக்காரர்களிடம் கேட்டால் பதில் வேறு. அவர்களுக்கு அது தொழிற்பேட்டை: கம்பெனி, ஷிஃப்ட், லாரி போக்குவரத்து.

பெயர் ஒன்று, ஊர் ரெண்டு. இரண்டுக்கும் பக்கத்தில் மீன் கிடைக்கும் நன்னீர் இருக்கிறது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பினால் சற்று நேரத்தில் ஊசுட்டேரி வந்துவிடும். கோவை மேட்டுப்பாளையத்தில் ஊரை ஒட்டியே பவானி ஆறு ஓடுகிறது. இன்னும் கீழே போனால் பவானிசாகர் அணையின் நீர்த்தேக்கம். ஆனால், ஒரு ஊரில் நன்றாக ஓடும் படகை இன்னொரு ஊரில் இறக்கினால் தடுமாறும். சில நேரம் ஆளையே கவிழ்த்துவிடும்.

தூண்டில் மீன்பிடிப்பு இப்போது இளைஞர்களின் வார இறுதிப் பொழுதுபோக்காகவும் மாறிவிட்டது. காற்றடைத்த படகு, மடக்கி எடுத்துச் செல்லும் கயாக் எல்லாம் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகின்றன. பெட்டியில் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். எந்தத் தண்ணீரில் தாங்கும் என்று எழுதியிருக்காது. படகு வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

தண்ணீரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஐந்து விஷயங்கள்.

முதலாவது, ஆழம். தமிழ்நாடு, புதுச்சேரி ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றுபவை. டிசம்பரில் தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் மே மாதம் சேறுதான் இருக்கும். ஆண்டு முழுக்க ஓட்ட வேண்டிய படகு என்றால், குறைந்த தண்ணீரிலும் மிதக்க வேண்டும். சேற்றில் இழுத்துச் செல்லும் அளவுக்கு எடை குறைவாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, காற்று. மூன்றாவது, ஓட்டம். ஏரியில் ஓட்டம் பெரும்பாலும் இருக்காது, காற்று இருக்கும். ஆற்றில் இரண்டும் இருக்கும்.

நான்காவது, அடியில் என்ன இருக்கிறது என்பது. பாறையா, சேறா, மூழ்கிய மரமா, முள்ளா? தமிழ்நாட்டின் பல ஏரிகளில் உள்வாயில் கருவேல மரங்கள் நிற்கின்றன. தண்ணீர் ஏறியதும் அவற்றின் கிளைகள் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிக் கிடக்கும்.

ஐந்தாவது, செடி. ஆகாயத்தாமரை, அல்லி, பாசி அடர்ந்த இடத்தில் துடுப்பே திணறும். மோட்டார் விசிறியைச் செடி சுற்றிக்கொண்டால் நடுத்தண்ணீரில் நின்றுவிட வேண்டியதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

படகு மிதப்பதன் ரகசியம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தன் மொத்த எடைக்குச் சமமான தண்ணீரைப் படகு விலக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ.

8 அடி, அதாவது சுமார் 2.4 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு பரிசலை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு கிட்டத்தட்ட 4.5 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குள் இறங்கினால் 45 லிட்டர் தண்ணீர் விலகும். அதாவது ஒவ்வொரு 45 கிலோவுக்கும் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். இரண்டு பேர், வலை, மீன், பரிசலின் சொந்த எடை எல்லாம் சேர்த்து 270 கிலோ என்று வைத்தால், இறங்குவது வெறும் 6 சென்டிமீட்டர். அடிப்பகுதி வளைந்திருப்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். அப்படியும் ஒரு சாண் தண்ணீர் இருந்தால் பரிசல் போய்விடும். பாறை நிறைந்த காவிரியில் நூற்றாண்டுகளாகப் பரிசல் நிலைத்திருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இப்போது 12 அடி நீளம், 4 அடி அகலம் கொண்ட தட்டையடிப் படகைப் பாருங்கள். அதன் பரப்பும் ஏறக்குறைய அதே 4.5 சதுர மீட்டர்தான். எடை தாங்கும் திறன் ஒன்றுதான். ஆனால் நீளமாக இருப்பதால் இது நேராகப் போகும். பரிசல் ஒவ்வொரு துடுப்புக்கும் சுற்றப் பார்க்கும்.

ஆக, எத்தனை கிலோ தாங்கும் என்ற ஒரு எண் மட்டும் போதாது. அந்த எடை எந்த வடிவத்தில் பரவுகிறது என்பதுதான் படகின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

ஏரிக்கு எது சரி?

ஊசுட்டேரியை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் இந்த ஏரியின் பரப்பு சுமார் 800 ஹெக்டேர். புதுச்சேரியும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டமும் இதைப் பகிர்ந்துகொள்கின்றன. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது.

பரந்த, ஆழம் குறைந்த ஏரி. இந்த வகை ஏரிகளில் ஆபத்து ஆழத்தைவிடக் காற்றிலிருந்துதான் அதிகம் வரும். தடுப்பே இல்லாமல் காற்று நீண்ட தூரம் தண்ணீர் மேல் ஓடிவருவதால் அலை எழும். ஆழம் குறைவு என்பதால் அந்த அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். கடல் அலைபோல ஏற்றி இறக்காது; படபடவென்று அடிக்கும். விளிம்பு தாழ்வான படகுக்குள் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் அது தரும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். காலை 6 மணிக்குக் கண்ணாடி மாதிரி இருந்த ஏரி, பகல் கடல்காற்று ஏறியதும் வேறு முகம் காட்டுவது இதனால்தான். கோடை இடிமழைக்கு முன்னால் வரும் திடீர்க் காற்று இன்னும் மோசம்.

இப்படிப்பட்ட ஏரிக்குப் பொதுவாகப் பொருந்துவது தட்டையடி ஃபைபர் படகு. குறைந்த ஆழத்தில் போகும். எழுந்து நின்றாலும் சட்டென்று சாயாது என்பதால் வீச்சு வலை போடுபவர்களுக்கு வசதி. துடுப்பு போடலாம், ஆழம் குறைந்த இடத்தில் கழி ஊன்றியும் தள்ளலாம். செடிகளுக்குள் விரால் தேடிப் போகும் தூண்டில்காரர்களுக்கு அகலமான கயாக்கும் சரிப்படும்.

தட்டையடிக்கு ஒரு பலவீனம் உண்டு. அமைதியான தண்ணீரில் அது மேஜை மாதிரி ஆடாமல் நிற்கும். அந்த நம்பிக்கையில் எல்லோரும் ஒரே பக்கம் போனால், ஒரு கட்டம் வரை தாங்கிவிட்டு, பிறகு எச்சரிக்கையே இல்லாமல் கவிழும். அடிப்பகுதி வளைந்த படகு ஆரம்பத்திலேயே ஆடி ஆடி எச்சரிக்கும்.

‘ஏரிதானே, இடுப்பளவு தண்ணிதானே’ என்ற நினைப்பும் ஆபத்து. வண்டல் மண்ணோ, சவுடு மண்ணோ அள்ளிய ஏரிகளில் திடீரென்று ஆழமான பள்ளங்கள் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. படகிலிருந்து இறங்கி நடந்து தள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கழியை ஊன்றி ஆழம் பார்க்க வேண்டும்.

அணைக்கட்டில் என்ன மாறுகிறது?

பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்த்தேக்க உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. பவானியும் மோயாறும் இங்கே சேர்கின்றன. மேட்டூர் அணை இதைவிடப் பெரிது: 1934-ல் திறக்கப்பட்டது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி.

அணை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஆழம். அதைவிட முக்கியம், நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். பாசனத்துக்குத் திறந்தால் கரை பல நூறு மீட்டர் உள்வாங்கும். மழை பெய்தால் கரை உங்களைத் தேடி வரும். கோவை மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையை அடுத்த காந்தவயல் மக்கள், பவானிசாகர் நீர்மட்டம் ஏறிப் பாலம் மூழ்கும் காலங்களில் பரிசலிலும் படகிலும் ஆற்றைக் கடந்து பழகியவர்கள்.

நிலையான படித்துறை இல்லாத இடத்தில், நேற்று விட்ட படகை இன்று வேறு இடத்தில் இறக்க வேண்டிவரும். அதனால் எடை குறைவு என்பது இங்கே பெரிய தகுதி. மேட்டூரிலும் பவானிசாகரிலும் மீனவர்கள் பரிசலை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் காரணம். வேலை முடிந்ததும் ஒருவரே தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடலாம்.

பரிசல் பழசு இல்லையா?

பழசுதான். மூங்கில் பட்டைகளைக் கூடை மாதிரி பின்னி, மேலே தோல் போர்த்தி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறகு தோலின் இடத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் வந்தன. இப்போது முழுக்க ஃபைபரில் செய்த பரிசலும் வந்துவிட்டது. சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1930-களிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். மேற்கே டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளிலும் இதே மாதிரி வட்டப் படகுகள் ஓடியிருக்கின்றன.

வலை வேலைக்குப் பரிசல் கச்சிதமானது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. செவுள் வலையை எந்தத் திசையிலிருந்தும் இழுக்கலாம். வலை போகும் பக்கமெல்லாம் பரிசலும் திரும்பிக்கொள்ளும். பாறையில் மோதினாலும் மூங்கில் வளைந்து கொடுக்கும்.

ஆனால் காற்றடித்தால் பரிசல் சொன்ன பேச்சு கேட்காது. வேகமும் குறைவு. பெரிய நீர்த்தேக்கத்தின் நடுவில் மாட்டிக்கொண்டால், கரை கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆழியாறு, அமராவதி, திருமூர்த்தி போன்ற நீர்த்தேக்கங்களில் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். பழகாதவர் தனியாகப் பரிசலில் போவது எந்தத் தண்ணீரிலும் சரியல்ல. பரிசல் ஓட்டுவது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்.

வேறு ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீருக்கு வேறு பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆந்திராவின் கொல்லேறு ஏரியில் பனைமரத்தைக் குடைந்த தோணியில் மீன் பிடித்தார்கள். செடிகளுக்கிடையே ஒல்லியாக நுழைந்து போகும். இலங்கையில் பொலன்னறுவை, அனுராதபுரம் பகுதிக் குளங்களில் ஒரு பக்கம் மிதவைக் கட்டை கட்டிய வள்ளத்தில் போய் ஜிலேபி பிடிக்கிறார்கள். வள்ளம் குறுகலானது, ஆனால் பக்கத்து மிதவை அதைச் சாயவிடாது. அகலமான படகு தரும் உறுதியும் குறுகலான படகு தரும் வேகமும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. அமெரிக்க ஏரிகளில் அலுமினியத் தட்டையடிப் படகு சாதாரணம். எல்லாமே அந்தந்தத் தண்ணீருக்கு அங்கே கிடைத்த பொருளில் செய்தவை.

ஆற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆற்றில் முதல் கேள்வி, மேலே அணை இருக்கிறதா என்பது. பில்லூர் அணையில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறக்கும்போது, கோவை மேட்டுப்பாளையத்தில் பவானியின் நீர்மட்டம் சட்டென்று உயரும். வானத்தில் மேகமே இருக்காது. காலையில் நடந்து கடந்த பாறை, சற்று நேரத்தில் மூழ்கியிருக்கும். எந்தப் படகு வைத்திருந்தாலும், திறப்பு நேரத்தை உள்ளூரில் கேட்காமல் இறங்கக் கூடாது.

புதுச்சேரிக்கும் இது பொருந்தும். சங்கராபரணியின் மேல்பகுதியில் 32 அடி முழு நீர்மட்டம் கொண்ட வீடூர் அணை இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வீடூர் அணைத் தண்ணீரும் சேர, சங்கராபரணியில் வெள்ளம் பாய்ந்தது. நகரின் தாழ்வான தெருக்களிலிருந்து மக்களை ராணுவமும் மீட்புப் படையும் படகில் கொண்டுவந்தன. ‘புது வெள்ளத்தில் மீன் நிறைய ஏறும்’ என்பது உண்மைதான். ஆனால் வெள்ளத்தில் மரக்கிளை, முள்கம்பி, மின்கம்பி எல்லாம் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீருக்கு மீன்பிடிப் படகு எதுவுமே சரியல்ல.

சாதாரண ஓட்டத்தில் பரிசலோ, அடி வலுவான குட்டைக் கயாக்கோ போதும். நங்கூரம் போடுவதில் மட்டும் கவனம் தேவை. படகின் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ கட்டினால் ஓட்டம் படகை அமுக்கித் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். முன்முனையில்தான் கட்ட வேண்டும். அவசரத்துக்குக் கயிற்றை அறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கும் காற்றடைத்த படகு எப்படி?

காரின் டிக்கியில் அடங்கும், மாடிக் குடியிருப்பிலும் வைக்கலாம். நகரத்து இளைஞர்கள் முதலில் தேடுவது இதைத்தான். சரியான இடத்தில், சரியான தரத்தில் பயன்படுத்தினால் மோசமில்லை.

வாங்கும்போது காற்றறை எத்தனை என்று பாருங்கள். ஒரே அறை என்றால் ஒரு ஓட்டை போதும், கதை முடிந்தது. தனித்தனியாகக் குறைந்தது மூன்று அறைகள் இருப்பது நல்லது. நீச்சல் குளத்தில் விளையாடுவதற்கென்று விற்கும் மெல்லிய படகை ஏரியில் இறக்கவே கூடாது.

நம்ம ஊர் தண்ணீரில் இதற்கு எதிரிகள் நிறைய. கருவேல முள் ஒன்று. ஜிலேபியின் முதுகு முள், கெளுத்தியின் பக்க முள், உங்கள் தூண்டில் கொக்கி ஆகியவை படகுக்கு உள்ளேயே இருக்கும். வெயிலும் சேர்த்தி. காலையில் இறுக்கமாகக் காற்றடைத்த படகைக் கரையில் மதிய வெயிலில் விட்டால், உள்ளே காற்று விரிந்து தையல் பிரியலாம். நிழலில் வைக்க வேண்டும், அல்லது கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மறுபடியும் காற்றுதான். எடை குறைவு, பக்கங்கள் உயரம், தண்ணீருக்குள் இருப்பது கொஞ்சம். பலமான காற்றில் இது இலை மாதிரி போகும். ஒரு எளிய விதி உண்டு: போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மாற்றிச் செய்தால், போவது சுகம், திரும்புவது போராட்டம்.

காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கும் மிதவை வளையங்களும் விற்பனைக்கு வருகின்றன. அமராவதி, பவானிசாகர், காவிரியின் சில பகுதிகள் முதலைகள் வாழும் தண்ணீர். அங்கே இதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

தெர்மாகோல், லாரி டியூப்?

பல ஏரிகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் வைத்துக் கட்டி, மேலே உட்கார்ந்து வலை போடுகிறார்கள். செலவு குறைவு என்பதால் வேறு வழியில்லாதவர்கள் நாடுவது இது.

மிதப்பதில் குறையே இல்லை. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட தெர்மாகோல் மிதவையை முழுக்க மூழ்கடிக்கக் கிட்டத்தட்ட 600 கிலோ வேண்டும். சிக்கல் அது மிதக்கும் விதத்தில் இருக்கிறது. ஆள் உட்காருவது தண்ணீர் மட்டத்துக்கு மேலே. எடை உயரத்தில் இருப்பதால் வலை ஒரு பக்கம் இழுத்தால் சாயும். பிடித்துக்கொள்ள விளிம்பு கிடையாது. கட்டு அவிழ்ந்தால் துண்டு துண்டாகப் போகும். உதிரும் வெள்ளை மணிகள் ஏரியிலேயே தங்கி, மீன் வயிற்றுக்கும் பறவை வயிற்றுக்கும் போகின்றன. லாரி டியூப்பிலோ ஒரே காற்றறை. முள் குத்தினால் மாற்று கிடையாது.

இதில் தொழில் செய்பவர்களை ‘ஏன் இப்படி?’ என்று கேட்பதைவிட, மாற்றுப் படகுக்கு உதவி கிடைக்க வழி சொல்வது பயனுள்ளது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பயனாளி சார்ந்த திட்டங்களுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. இதே திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். எந்தப் படகுக்கு எவ்வளவு என்பதை அந்தந்தப் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

கடலில் ஓடிய ஃபைபர் போட்டை ஏரிக்குக் கொண்டுவரலாமா?

புதுச்சேரியில் இந்த யோசனை வருவது இயல்பு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் போட் பிடித்தது. பழைய போட் விலைக்குக் கிடைக்கும், ரிப்பேர் செய்ய ஆளும் இருக்கிறார்கள்.

ஆனால் அது அலையை வெட்டிப் போவதற்காகக் கட்டிய உடல். எடை அதிகம், கரையேற்ற நாலு பேர் வேண்டும். தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும் என்பதால் ஏரியின் ஓரங்களில் தரை தட்டும். விரால் நிற்பதே அந்த ஓரங்களில்தான். மோட்டார் இல்லாமல் அசையாது, மோட்டார் வைத்தால் செடி சுற்றும். கடல்தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் சுண்ணாம்பாறு மாதிரி முகத்துவாரங்களில் அது உதவும். ஏரியில் பாரம்தான்.

ஃபைபர் என்ற பொருள் நல்லதுதான். உடைந்தால் ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து உள்ளூரிலேயே ஒட்டலாம். ஏரிக்கு அதே பொருளில் தட்டையடியாகச் செய்த சின்னப் படகு வேண்டும்.

எத்தனை பேர் ஏறலாம்?

அமெரிக்கக் கடலோரக் காவல் படை, 20 அடிக்குக் குறைந்த சாதாரணப் படகுகளுக்கு ஒரு எளிய கணக்கு சொல்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி, 15-ஆல் வகுக்க வேண்டும். 12 அடிக்கு 4 அடி படகு என்றால் 48-ஐ 15-ஆல் வகுத்தால் 3.2. அதாவது மூன்று பேர். ‘ஒருத்தர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்பதற்கு இதில் இடமில்லை. இதுவும் அமைதியான தண்ணீருக்கான கணக்குதான். காற்றடிக்கும் நாளில், வலையும் ஐஸ் பெட்டியும் இருந்தால், இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 14 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் மாணவர்கள். இரண்டும் கடலில் நடந்தவை அல்ல. புயலும் இல்லை. சுற்றிலும் கரை தெரியும் தண்ணீர்.

படகுக்குள் தேங்கும் தண்ணீரையும் அலட்சியம் செய்யக் கூடாது. படகு சாயும் பக்கத்துக்கே அந்தத் தண்ணீரும் ஓடும்; சாய்வு இன்னும் கூடும். கணுக்கால் அளவு தண்ணீர் சேர்ந்தாலே இறைத்துவிட வேண்டும். வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்று போதும்.

லைஃப் ஜாக்கெட் எது?

படகைவிட முதலில் வாங்க வேண்டியது இது. ஜாக்கெட்டில் 50, 100, 150 நியூட்டன் என்று மிதப்புத் திறன் குறித்திருக்கும். 50 என்பது நீச்சல் தெரிந்தவர் கரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வதற்கு. நீச்சல் தெரியாதவருக்குக் குறைந்தது 100 வேண்டும். அமைதியான தண்ணீரில் முகம் மேலே இருக்கும்படி தாங்கிப் பிடிக்க அது உதவும். உடல் எடைக்கேற்ற அளவு முக்கியம். பெரியவருடைய ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே வரும்.

சீட்டுக்கு அடியில் மடித்து வைத்த ஜாக்கெட் எந்தப் பயனும் தராது. கவிழும் நேரத்தில் அதை எடுத்து மாட்ட அவகாசம் இருக்காது.

அனுமதி வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பகுதியும் பின்னர் சரணாலயமானது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் நுழைவதையே வனத்துறை ஒழுங்குபடுத்துகிறது. ஆன்லைனில் வாங்கிய படகை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நேராக இறங்கிவிட முடியாது. ஏரி நிறைந்து படகுக்குத் தோதாக இருக்கும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் வலசைப் பறவைகளும் வந்து இறங்குகின்றன. மோட்டார் சத்தம் அவற்றைக் கூட்டத்தோடு கிளப்பிவிடும்.

மற்ற இடங்களிலும் தண்ணீர் யாருடையதோதான். சாத்தனூர், பவானிசாகர், ஆழியாறு போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்பைத் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் நிர்வகித்து வந்திருக்கிறது. பல ஏரி, குளங்கள் குத்தகைக்கு விடப்படுகின்றன. குஞ்சு விட்டு வளர்த்தவரின் மீனை விளையாட்டுக்குப் பிடிப்பது அவர் பிழைப்பில் கை வைப்பது. கேட்டுவிட்டு இறங்குங்கள். குத்தகைதாரரோடு பேசினால் அனுமதியோடு இன்னொன்றும் கிடைக்கும்: பள்ளம் எங்கே, முள் எங்கே, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்ற விவரம்.

சுருக்கமாக

* ஆழம் குறைந்த, பரந்த ஏரி: தட்டையடி ஃபைபர் படகு அல்லது அகலமான கயாக். காற்று ஏறும் முன் கரை திரும்ப வேண்டும்.
* அணை நீர்த்தேக்கத்தில் வலை வேலை: பரிசல், பழகிய கையோடு. காற்று மாதங்களில் கரையை ஒட்டியே.
* பாறை ஆறு: பரிசல் அல்லது அடி வலுவான குட்டைக் கயாக். அணை திறப்பு நேரம் தெரிந்த பிறகே.
* காற்றடைத்த படகு: முள் இல்லாத, காற்று குறைந்த சின்ன நீர்நிலை மட்டும். குறைந்தது மூன்று காற்றறைகள்.
* செடி அடர்ந்த இடம்: மோட்டாரைத் தவிருங்கள். துடுப்பும் கழியும் போதும்.
* வெள்ளம், இடிமழை: படகு கரையிலேயே இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் உடனே வாங்க வேண்டிய அவசியமில்லை. எந்த ஏரியில் அடிக்கடி மீன் பிடிக்கப் போகிறீர்களோ, அந்தக் கரையில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தூண்டில் போட்டுப் பாருங்கள். அங்கே தொழில் செய்பவர்கள் எந்தப் படகில் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று கவனித்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.